மைனஸ் பதினெட்டு

காலையில் பல் துலக்கிக்கொண்டே ஹாலுக்கு வந்தவன், ஃப்ரீசரின் மேல் ஒட்டியிருந்த சின்ன டிஸ்ப்ளேயைப் பார்த்துவிட்டு, பிரஷ் வாயில் இருக்க அப்படியே நின்றுவிட்டான். பதினொன்று கீழ. முந்தின நாள் காலை மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கிளம்பியபோது அது பதினெட்டு கீழ காட்டியது. அவன் தன் கண்ணால் பார்த்தது.

'கீழ' என்பது அவன் தொழில் பேச்சு. குளிர்பெட்டி வைத்த லாரி ஓட்டுகிறவன். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் பத்திரமாக இருக்கிறது, லாரி ஷெட்டில் அவனுக்குக் குளிர்வண்டி என்றுதான் பெயர். அந்தத் தொழிலில் மைனஸ் என்று எவனும் சொல்ல மாட்டான். இன்ஜின் இரைச்சலில் போனில் பேசும்போது மைனஸ் காற்றோடு போய்விடும், பதினெட்டு மட்டும் மிஞ்சும். அப்படி ஒருமுறை ஒரு லோடு மீன் நாறிப்போய், ஆளாளுக்கு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அதிலிருந்து எண்ணை முதலில் சொல்லி, பின்னாலேயே கீழ என்றோ மேல என்றோ அழுத்திச் சொல்வது பழக்கமாகிவிட்டது. வீட்டிலும் அவனுக்கு அதே வாய்தான். காய்ச்சல் வந்தால்கூட 'நூத்தியொண்ணு மேல' என்பான். மனைவி சிரித்துவிட்டுத்தான் மாத்திரை எடுப்பாள்.

இப்போது சிரிக்க ஆள் இல்லை. ஃப்ரீசருக்குள் இருந்தது மீனும் இல்லை, ஐஸ்கிரீமும் இல்லை. அவன் மகளுடைய சாப்பாடு. மனைவி ராத்திரி பகல் பாராமல் எடுத்து, பாக்கெட் பாக்கெட்டாகக் கட்டி, தேதி ஒட்டி உறைய வைத்திருந்த தாய்ப்பால்.

பாப்பா பிறந்து கொஞ்ச நாளிலேயே மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. சோதித்துப் பார்த்த டாக்டர், உடனே மருந்து ஏற்ற வேண்டும் என்றார். ஏற்ற ஆரம்பித்தால் குழந்தைக்குப் பால் கொடுக்கவே கூடாது என்றும் சொன்னார். சரி, டப்பாப் பாலைக் கொடுப்போம் என்று கொடுத்துப் பார்த்தால் பாப்பாவின் உடம்பு தடித்துச் சிவந்தது. கடையில் இருந்த எல்லா டப்பாவையும் மாற்றிப் பார்த்தாயிற்று. கடைசி டப்பாவுக்கு ரத்தமாகப் போய், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. திட உணவு ஆரம்பிக்கும் வரைக்கும் தாய்ப்பால் தவிர வேறு எதுவும் வாயில் படக் கூடாது என்று குழந்தை டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். ஒரு டாக்டர் கொடுக்காதே என்கிறார், இன்னொருவர் கொடு என்கிறார், நடுவில் மனைவி. அவள் தன் வைத்தியத்தை ஒருமுறை தள்ளிப்போட்டாள், பிறகு இன்னொரு முறையும் தள்ளிப்போட்டு, இந்த ஃப்ரீசரை நிரப்பினாள். மூன்றாவது முறை தள்ளிப்போட்டால் அப்புறம் தன்னிடம் வரவேண்டாம் என்று கட்டி டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

போகும்போது அவள் வாசலில் நின்று சொன்னது அவன் காதிலேயே இருந்தது. "இந்தப் பால் இருக்குங்கிற தைரியத்துலதான் போறேன். இது இல்லேன்னா நான் அங்க படுக்க மாட்டேன். எழுந்து வந்துருவேன், சொல்லிட்டேன்." சொன்னால் செய்கிறவள். இன்று மத்தியானம் மருந்து ஏற்றுவதாக இருந்தது.

அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து ஃப்ரீசர் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தான். மூடியை மேல்பக்கமாகத் திறக்கிற பெரிய பெட்டி அது. மூடிக்கொண்டு போன ஒரு ஐஸ்கிரீம் கடையிலிருந்து வாங்கியது. சமையலறைக்குள் நுழையாததால் ஹாலில் சோஃபா இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. குளிரைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் தரையோடு தரையாக ஒரு மூலையில் இருக்கிறது. அதைச் சுற்றி எழுதியிருந்த எழுத்தெல்லாம் தேய்ந்துபோய், ஒன்று முதல் ஏழு வரை எண் மட்டும் மிச்சம். அதைத் தொடுகிறவள் மனைவி ஒருத்திதான். அவன் பங்குக்குச் செய்தது, லாரியில் உபரியாகக் கிடந்த டிஸ்ப்ளேயைக் கொண்டுவந்து, அதன் ஒயரை உள்ளே விட்டு, மேல்கூடைப் பக்கத்துச் சுவரில் ஒட்டியது. நேற்றுக் கிளம்புகிற அவசரத்தில் மட்டும் அவன் குமிழைத் தொட்டான். கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மனைவி படியில் இறங்கிக்கொண்டே, "வெயில் கொளுத்துது, குளிரை நல்லா கூட்டி வச்சுட்டு வாங்க" என்றாள். அவன் குனிந்து நன்றாகத் திருகிவிட்டுத்தான் ஓடினான்.

அப்படிக் கூட்டி வைத்தும் ஏறியிருக்கிறதே என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை. குமிழை இன்னும் கொஞ்சம் திருகினான். கடைசியில் முட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் போகவில்லை.

"என்ன மாமா, தரையில உக்காந்துட்டீங்க?"

மச்சினி. மனைவியின் தங்கை. அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள். பாப்பா அவள் தோளில் கிடந்து ஜாக்கெட்டைச் சப்பிக்கொண்டிருந்தது.

"குளிர் இறங்குதும்மா. பதினொண்ணு கீழ வந்துருச்சு."

"கீழ வந்தா நல்லதுதானே?"

"பதினெட்டுலேர்ந்து பதினொண்ணுக்கு வந்துருச்சு. சூடு ஏறுது."

மச்சினிக்கு முகம் வெளுத்தது. "அக்காவுக்குச் சொல்லணுமா?"

"வாயைத் திறந்தே, அவ்வளவுதான். ட்யூபைப் பிடுங்கிப் போட்டுட்டு வந்து நிப்பா."

குளிர்லாரி ஓட்டுகிறவனுக்கு முதல் பாடம், சந்தேகம் வந்தால் கதவைத் திறக்காதே என்பது. புதிதாக வருகிற கிளீனர் பசங்களுக்கு அவனே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுப்பான். ஆனால் அது அடுத்தவன் மீன். சொந்தக் குழந்தையின் பால் என்றதும் கை நிற்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்தான். மேல்கூடையில் கடைசியாக எடுத்து வைத்தவை, அடியில் பழையவை, தட்டையாக அடுக்கி அடுக்கி. ஒன்றை எடுத்துத் தட்டினான். கல் மாதிரி இருந்தது. நிம்மதியாக மூடினான். கொஞ்ச நேரத்தில் நிம்மதி போய், மறுபடி திறந்தான். டிஸ்ப்ளே பத்துக்கு வந்தது.

வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது என்று பார்த்தான். அவன் லாரி வேறு டிரைவரோடு இரண்டு நாள் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கீழ் வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு எங்கோ போயிருந்தார்கள். சமையலறை ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் நாலு பாக்கெட் வைத்தால் அதன் கதவு மூடாது, அதுவும் சொட்டுச் சொட்டென்று ஒழுகுகிற பெட்டி.

"ஐஸ் வாங்கிட்டு வந்து கொட்டலாமா மாமா?"

"ஐஸ் சைபர்ல இருக்கும். பால் பத்து கீழ இருக்கு. அதைக் கொட்டினா போர்வை போத்திவிட்ட மாதிரி ஆயிடும்."

மச்சினி வாயைப் பிளந்து கேட்டாள். இதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. எந்தச் சரக்கு எத்தனையில் கெடும், எந்த ஐஸ் எவ்வளவு நேரம் தாங்கும், எல்லாம் விரல் நுனியில். அந்தத் தைரியத்தில்தான் அவன் அன்று அத்தனை கூத்தும் அடித்தான்.

முதலில் மூடியின் ரப்பர். ஒரு காகிதத்தை இடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தான். சுற்றிலும் இறுக்கமாகத்தான் பிடித்தது. ஒரு மூலையில் மட்டும் காகிதம் சுலபமாக வந்துவிட, அங்கே வெந்நீர்த் துணி வைத்து ரப்பரை நீவிவிட்டான். அதற்கு மூடியைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. டிஸ்ப்ளே ஒன்பதாயிற்று.

அடுத்து பின்பக்கம். ஃப்ரீசரைச் சுவரிலிருந்து இழுத்துப் பார்த்தால் கம்பிகளில் தூசி கம்பளம் போலப் படிந்திருந்தது. அதுதான் காரணம் என்று அவனுக்கு உடனே நிச்சயமாகிவிட்டது. பிளக்கைப் பிடுங்கினான். அடிப்பக்கத் தூசியையும் எடுக்க ஃப்ரீசரைச் சாய்க்க வேண்டும். கனம் குறையட்டும் என்று மேல்கூடையை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடினான். பழைய பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துத் தும்மினான். நான்கு பக்கமும் துடைத்தான். பிளக்கைச் செருகினான். அடியில் மோட்டார் உறுமியது. மச்சினி பாப்பாவின் கையைப் பிடித்துக் கைதட்ட வைத்தாள். மோட்டார் கொஞ்ச நேரம் ஓடியது, 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது, நின்றுவிட்டது.

அவன் காத்திருந்தான். ஓடவில்லை. ஃப்ரீசர் பெட்டி ஊமையாக உட்கார்ந்திருந்தது.

"ஓடுது, நின்னுருது, ஓடுது, நின்னுருது" என்று மெக்கானிக்குப் போன் போட்டுச் சொன்னான். வட்டாரத்தில் ஃப்ரிட்ஜ், ஏசி பார்க்கிற ஆள். வேறு எங்கோ ஒரு வீட்டில் ஏதோ இயந்திரத்தின் தலைமாட்டில் இருந்து பேசினான் போலிருக்கிறது, பின்னால் ஒரே இரைச்சல்.

"குமிழை எதுல வச்சிருக்கீங்க?"

"ஃபுல்லா வச்சிருக்கேங்க. கடைசி வரைக்கும். இதுக்கு மேல போகாது."

"ஃபுல்ல வச்சும் மோட்டார் நிக்குதா? அப்ப தெர்மோஸ்டாட் போயிருக்கும். குளிர் பத்தலைன்னு மோட்டாருக்குச் சொல்ற சாமான் அது. அது போயிட்டா, போதும் போதும்னு நிறுத்திக்கிட்டே இருக்கும். வெளியதான் வாங்கணும். சாயங்காலம் வரேன்."

"சாயங்காலமா? அதுக்குள்ள எல்லாம் போயிரும்ங்க."

"உள்ள என்ன சரக்கு?"

அவன் சொன்னான். கட்டி, மருந்து, பாப்பா, டப்பாப் பால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான்.

"நான் இதை முடிச்ச கையோட சாமானை வாங்கிட்டு வரேன்" என்றான் மெக்கானிக். "நீங்க மூடியை மட்டும் திறக்காதீங்க."

டிஸ்ப்ளே ஏழு. அவன் குமிழ் பக்கத்தில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். மச்சினியும் குனிந்து பார்த்தாள்.

"ஒண்ணுல இருக்கே மாமா. ஒண்ணுங்கிறது கம்மி இல்லையா?"

"கம்மிதான். கம்மி ஆக ஆகத்தான் குளிர். என் வண்டியில இருபத்தஞ்சு கீழ வரைக்கும் குறைச்சிருக்கேன் நான்."

லாரி விஷயத்தில் அவனை எதிர்த்துப் பேச மச்சினி யார்? "ஓ" என்று சொல்லிவிட்டு, அழுகிற பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவளுக்குத் தோன்றியது சரி. அதை இன்னும் இரண்டு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வருடம் குளிர்லாரி ஓட்டிய மனுஷன் முன்னால் யாருக்கு வாய் வரும்?

ஒருமுறை நடுவழியில் லாரியின் குளிர்பெட்டி நின்றபோது, ஒரு மெக்கானிக் இரண்டு ஒயரை முறுக்கி நேராக ஓட வைத்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து குமிழின் மேல்மூடியைக் கழற்றினான். பின்னால் இரண்டு ஒயர்கள் செருகியிருந்தன. தெர்மோஸ்டாட்டை நடுவிலிருந்து தூக்கிவிட்டால் மோட்டார் நிற்காமல் ஓடும். எரிந்தால் எரியட்டும், இன்றைக்கு ஓடினால் போதும். பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் கையை உள்ளே விட்டான்.

"மாமா."

அவள் குரல் அவன் கையைப் பிடித்து நிறுத்தியது.

"அக்கா அங்க படுத்திருக்கா. ஷாக் அடிச்சு நீங்களும் விழுந்தா, இவளை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

கையை எடுத்துவிட்டான். ஃப்ரீசரில் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தை மாதிரி அழுதான். மச்சினி அவன் அழுது பார்த்ததில்லை. சமையலறைக்குப் போய்விட்டாள், அங்கே பாப்பாவுக்கு எடுத்து உருக வைத்திருந்த பாலைச் சுட வைக்கிற சாக்கில்.

அவன் அழுதது பாலுக்காக மட்டும் இல்லை. அவள் அந்தப் பாலை எடுத்த ராத்திரிகளை அவனுக்குத் தெரியும். பால் உறிஞ்சுகிற மெஷின் விர் விர் என்று ஓட, கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். நடுவில் கட்டி வலிக்கும், கழுத்தைச் சாய்த்துக்கொள்வாள். போதும், படு என்றால், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்பாள். அவ்வளவையும் ஒரு பழைய பெட்டியை நம்பி அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு நாள் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை.

போன் அடித்தது. மனைவி.

எடுக்காமல் விட்டால் சந்தேகப்படுவாள். தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தான்.

"என்ன, மூக்கடைச்ச மாதிரி இருக்கு?"

"தூசி. வீடு கூட்டினேன்."

"நீங்களா?" என்றாள். பிறகு, "பாப்பா குடிச்சாளா?"

"இப்பத்தான் குடிக்கப்போறா. உனக்கு எப்ப?"

"இப்பத்தான். நர்ஸ் மருந்தை எடுத்துட்டு வந்துட்டாங்க, மாட்டிட்டு இருக்காங்க." உடனே கேட்டாள். "ஃப்ரீசர் எவ்வளவு காட்டுது?"

அவன் டிஸ்ப்ளேயைப் பார்த்தான். ஐந்து. பார்வையை அதிலிருந்து எடுத்து எதிர்ச் சுவரில் வைத்துக்கொண்டான்.

"மைனஸ் பதினெட்டு" என்றான்.

அந்தப் பக்கம் நர்ஸ் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

"மைனஸ் பதினெட்டா?"

"ஆமா."

"சரி." அவள் குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. "நேத்து கூட்டி வைக்கச் சொன்னேனே, ஏழுல வச்சீங்கல்ல? நான் ஆறுல வச்சிருந்தேன். ஏழுதான் அதுல நல்ல குளிர். ஒண்ணு சும்மா பேருக்கு. உங்க லாரி மாதிரி இல்ல அது, தலைகீழ்."

"ஏழுலதான்" என்றான், எப்படியோ.

"அப்ப சரி. கையை நீட்டச் சொல்றாங்க. வச்சுடறேன்."

போனைத் தரையில் போட்டுவிட்டுக் குமிழைப் பார்த்தான். ஒன்று. லாரியில் எண்ணைக் குறைத்தால் குளிர். இங்கே எண்ணைக் கூட்டினால் குளிர். அவள் கூட்டச் சொன்னாள், அவன் கை தன் பாட்டுக்குக் குறைத்தது. ஆறில் இருந்ததை நேற்று இரண்டுக்கு, இன்று காலையில் இரண்டிலிருந்து ஒன்றுக்கு. ஃப்ரீசருக்கு ஒரு கேடும் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்டு, போதும் போதும் என்று நின்று நின்று ஓடியிருக்கிறது. கேடு எல்லாம் திருகிய கைக்குத்தான்.

குமிழை ஒன்றிலிருந்து ஏழுக்குத் திருப்பினான். 'டக்'. மோட்டார் உறுமியது. இந்த முறை நிற்கவில்லை.

மச்சினி ஓடி வந்தாள். அவன் குமிழைக் காட்டினான். அவள் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அப்பவே கேட்டேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு அவன் அவளுக்கு ஆயுள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறான்.

"கூடை எங்க மாமா?" என்றாள்.

அப்போதுதான் அவனுக்கு மேஜை ஞாபகம் வந்தது. போர்வைக்கு அடியில், தூசி தட்டிய நேரம், போன் பேசிய நேரம், ஒயரைப் பிடுங்கப் போன நேரம், அழுத நேரம் எல்லாம் அந்தக் கூடை வெளியிலேயே இருந்திருக்கிறது. மனைவி கடைசியாக எடுத்து வைத்த பாக்கெட்டுகள். போர்வையை எடுத்தான். மேலே இருந்ததைத் தொட்டதும் விரல் உள்ளே போயிற்று.

குழந்தை வார்டு நர்ஸ் ஒருத்தி மனைவிக்கு நம்பர் கொடுத்திருந்தாள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டான். உள்ளே ஐஸ் தட்டுப்பட்டால் திரும்ப உறைய வைக்கலாம், முழுக்கத் தண்ணீராகிவிட்டால் கூடாது, ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு நாளைக்குள் கொடுத்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும் என்றாள். இரண்டு பேரும் மேஜைக்கு இரண்டு பக்கமும் நின்று, ஒவ்வொரு பாக்கெட்டையும் விரலால் அமுக்கிப் பார்த்தார்கள். ஐஸ் தட்டுப்பட்டால் அந்தப் பக்கம், தட்டுப்படாவிட்டால் இந்தப் பக்கம். ஒன்றில் அவன் விரல் ஐஸைத் தேடித் தேடிக் கிடைக்காமல், அவன் அதைக் கீழே வைக்க மாட்டாமல் பிடித்துக்கொண்டே நின்றான். மச்சினி வாங்கி இந்தப் பக்கம் வைத்தாள். அதன் மேல் அக்காவின் கையெழுத்தில் நேற்று முன்தினத்துத் தேதி இருந்தது. கழுத்தைத் திருப்ப முடியாமல் இருந்த நாள்.

முக்கால் கூடை பிழைத்தது. கால் கூடை போயிற்று. அடியில் இருந்தவை ஒன்றும் அசையவில்லை, கல்லாகவே இருந்தன. பாப்பாவுக்குத் திட உணவு ஆரம்பிக்கும்வரை இழுத்துப் பிடித்தால் போதும் என்று மச்சினி கணக்குப் போட்டுச் சொன்னாள். அவன் அந்தக் கணக்கை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டான்.

மெக்கானிக் சாமானோடு மூச்சிரைக்க மாடியேறி வந்தபோது டிஸ்ப்ளே ஒன்பது கீழ காட்டியது. இறங்கிக்கொண்டிருந்தது. வந்த ஆள் மோட்டாரில் காது வைத்துக் கேட்டான், குமிழைப் பார்த்தான்.

"ஏழுல இருக்கு. காலையிலயும் ஃபுல்லுன்னுதானே சொன்னீங்க?"

"ஃபுல்லுதாங்க. அந்தக் கடைசி இல்ல, இந்தக் கடைசி."

மெக்கானிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. சிரிக்க வந்தவன், மேஜையில் தனியாகக் கிடந்த பாக்கெட்டுகளைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான். "என் தப்பும் இருக்கு. நம்பர் என்னன்னு கேட்டிருக்கணும். ஃபுல்லுன்னதும் விட்டுட்டேன்." பிறகு குமிழின் மூடியைத் தானே பொருத்தி, பையிலிருந்து மார்க்கரை எடுத்து, ஏழின் பக்கத்தில் 'குளிர்' என்று பெரிதாக எழுதிவிட்டுப் போனான்.

சாயங்காலம் அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனான். மருந்து ஏற ஆரம்பித்தாயிற்று, இனி மறைத்துப் பயன் இல்லை. கால் கூடை போனதைச் சொல்லியாக வேண்டும். திட்டட்டும், அழட்டும், காலைப் பிடித்துக்கொள்ளலாம்.

மனைவி சுவர்ப் பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தாள். கையில் ஊசி, மேலே பாட்டில். முகம் ஒரே நாளில் சின்னதாகிவிட்டது. அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எவ்வளவு போச்சு?" என்று அவள் கேட்டாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "உனக்கு யார் சொன்னா? உன் தங்கச்சியா?"

"நீங்கதான்."

"நான் எங்க சொன்னேன்?"

"மைனஸ்னு சொன்னீங்களே." கண்ணை மூடிக்கொண்டே பேசினாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க வாயில மைனஸ்ங்கிற வார்த்தையை நான் கேட்டதே இல்ல. பாத்துச் சொன்னா கீழன்னு வரும். பாக்காம சொன்னதால புஸ்தகத்துல இருக்கிற மாதிரி வந்துச்சு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கரண்ட் போயிருந்தா கரண்ட் போச்சுன்னு சொல்லிருப்பீங்க. மறைக்கிறீங்கன்னா நீங்கதான் ஏதோ பண்ணிருக்கீங்க. அந்தப் பெட்டியில நேத்து நீங்க கை வச்சது அந்தக் குமிழ் ஒண்ணுதான். ஏசியைக் கூட்டுன்னா நம்பரைக் குறைக்கிற ஆளு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதான் ஏழுன்னு சொன்னேன்."

"கால் கூடை போச்சு" என்றான். "மேல இருந்தது. நீ கடைசியா எடுத்தது."

அவள் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. துடைக்கக் கை வராமல் படுத்திருந்தாள். அவன் துடைத்துவிட்டான்.

"தெரிஞ்சிருந்தும் ஏன் என்னைக் கேக்கலை?" என்றான். "பொய்தானே சொல்றீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா நீங்க சொல்லிருவீங்க. சொல்லிருந்தா நான் கையை நீட்டிருக்க மாட்டேன்."

பாட்டிலிலிருந்து மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊசி குத்தாத அவள் கை நகர்ந்து வந்து அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது.

"இப்ப எவ்வளவு?"

"நான் கிளம்பறப்ப பதினாலு கீழ. இப்ப தெரியாது."

"ம்" என்றாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள்.